திகில் ஆட்டத்துக்கு எந்த இசை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திகில் பலகை விளையாட்டுகளுக்குப் பின்னணி இசை தேடுவோர், பெரும்பாலும் பேய்ப்படப் பாடல்களையோ அலறல்கள் நிறைந்த ஒலித்தொகுப்புகளையோ ஒலிக்க விடுகிறார்கள். இரண்டுமே ஆட்டத்தைக் கெடுப்பவை என்பது என் உறுதியான கருத்து. அட்டையில் உள்ளதை ஒருவர் வாய்விட்டுப் படிக்கையில் பாடல் வரிகள் காதில் விழுந்தால் கவனம் சிதறும். அலறலோ, மேசையில் எதுவும் நடக்காத நேரத்தில் ஒலித்து, இரண்டாம் முறை சிரிப்பை மட்டுமே வரவழைக்கும்.

2004-இல் வெளியான ‘பிட்ரேயல் அட் ஹவுஸ் ஆன் தி ஹில்’ விளையாட்டை எடுத்துக்கொள்வோம். முற்பாதியில் எல்லோரும் பேய் மாளிகையை அறை அறையாக ஆராய்கிறார்கள். பகடை தீர்மானிக்கும் ஒரு கட்டத்தில், பெரும்பாலும் ஒருவர் துரோகியாக மாறி, தமக்குரிய விதிகளைத் தனியே படிக்க வேறு அறைக்குச் செல்கிறார். முற்பாதிக்குத் தாளமின்றித் தாழ்ந்த சுருதியில் நீளும் ஒலியோ மழையோசையோ போதும். துரோகி எழுந்து போனதும் இசையை அறவே நிறுத்திவிட வேண்டும். அந்த மௌனத்தைவிட அச்சமூட்டும் இசையை நான் கேட்டதில்லை. அவர் திரும்பி வந்து அமர்ந்த பின் வேகமான தாளம் தொடங்கலாம்.

2016-இல் வந்த ‘மேன்ஷன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ இரண்டாம் பதிப்புக்கு அதன் செயலியே இசையைத் தருவதால், வேறொன்றைச் சேர்ப்பது வீண். ஒலிபெருக்கியை மேசைமீது வைக்காமல், ஆடுபவர்களின் முதுகுக்குப் பின்னால் பேச்சைவிடக் குறைந்த ஒலியில் வைப்பது நல்லது. நடுவில் விளம்பரம் குறுக்கிடாதபடி இசையை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்