சிரசு போனது, எனக்குச் சிலிர்க்கவில்லை

குடியாத்தம்
8.6.2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு இடம் அமைந்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடுவோம்.

கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருந்ததுக்குத்தான் பதில் எழுத இத்தனை நாள் ஆனது. “மாத்திரையை விட்டுத் தொலை, விடியற்காலையில் எழுந்து நட” என்கிறாய். என் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறாய் என்று தெரியும். ஆனால் ஒருமுறை விட்டுப் பார்த்தவன் நான்.

மனச்சோர்வுக்கு முதலில் கொடுத்த மாத்திரை எஸ்சிடலோப்ராம். 10 மில்லிகிராம், அப்புறம் 20. முதல் இரண்டு வாரம் சோற்றைக் கண்டாலே குமட்டல். அது அடங்கியதும் வியர்வை. வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயில் உனக்குத் தெரியும், ஆனால் இது விடியற்காலை நாலு மணிக்கே தலையணை நனைகிற வியர்வை. ஏழு மாதம் பொறுத்தேன். மனசு அப்படியேதான் கனத்துக் கிடந்தது. ஒருநாள் கோபத்தில், யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் கடையில் லுங்கிக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன், தலைக்குள் பளிச்சென்று ஒரு சொடுக்கு, கெட்டுப்போன ட்யூப்லைட் மாதிரி. கண்ணை இப்படித் திருப்பினால் ஒன்று, அப்படித் திருப்பினால் ஒன்று. எண்ணிக்கை மூன்று தடவை தப்பியது. திடீரென்று நிறுத்தினால் பலருக்கு இப்படி வரும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விடவேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். டாக்டர் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?

இப்போது செர்ட்ராலின் 100. தூக்கத்துக்கு ராத்திரி மிர்டசாபின். தூக்கம் வருகிறது, கூடவே அகோரப் பசியும் வருகிறது. ஏழு கிலோ ஏறிவிட்டேன்.

இன்னொன்று, உனக்கு மட்டும் எழுதுகிறேன். அவள் பக்கத்தில் படுத்திருப்பாள், என் உடம்பு எனக்கு இல்லை என்பது போல் இருக்கும். இந்த வகை மாத்திரைகளில் இது சகஜமாம், ஆணுக்கும் வரும் பெண்ணுக்கும் வரும். டாக்டரிடம் இதைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆனது. ஒரு பக்கம் மகன் உட்கார்ந்திருப்பான், அடுத்த நோயாளி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “தூங்குறீங்களா, பசிக்குதா?” என்று கேட்பார்கள். “ம்” என்றால் அதே சீட்டு இன்னும் இரண்டு மாதத்துக்கு. அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

வலிக்கிறது என்று எழுதிவிட்டேன், அதுகூட முன்பு வலித்த மாதிரி இல்லை. வைகாசி ஒன்றாம் தேதி சிரசுத் திருவிழா. முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கெங்கையம்மன் சிரசு புறப்பட்டு வந்தது. சின்ன வயதில் நீயும் நானும் கோபாலபுரம் வரைக்கும் பின்னாலேயே ஓடுவோமே, பம்பைச் சத்தம் கேட்டாலே மயிர்க்கால் குத்திட்டு நிற்குமே. இந்த வருஷமும் தெருவில் நின்றேன். உடைந்த தேங்காய்த் தண்ணீர் காலில் தெறித்தது. சுற்றிலும் சனங்கள் கையெடுத்துக் கும்பிட்டு அழுகிறார்கள். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன். துக்கத்தை அடைத்த கதவு சந்தோஷத்தையும் சேர்த்தே அடைத்துவிட்டது நண்பா.

அதற்காக மாத்திரை வீண் என்று நான் சொல்லமாட்டேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற ராத்திரிகளை உனக்குப் போனில் சொல்லியிருக்கிறேன். அந்த எண்ணம் இப்போது வருவதில்லை. மனசின் கனமும் பத்தில் நாலு பங்கு குறைந்திருக்கிறது. மீதி ஆறு பங்கோடு நான் இருந்துகொள்ள வேண்டும் என்று மற்றவர்கள் முடிவு செய்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். 2006இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது, ஸ்டார்-டி என்று பெயர். நான் சாப்பிட்டதற்கு அண்ணன் முறையான சிட்டலோப்ராமைத்தான் எல்லோருக்கும் முதலில் கொடுத்தார்கள். முழுசாகத் தேறியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். மூன்றாவது, நாலாவது மருந்துக்குப் போனவர்களில் தேறியது ஏழெட்டுப் பேரில் ஒருவர். படித்ததும் எனக்குப் பயம் வரவில்லை, ஆறுதலாக இருந்தது. குறை என் மனத்திடத்தில் இல்லை.

அப்பா காசநோய்க்கு மாதக்கணக்கில் ஐசோனியாசிட் விழுங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். அதன் உறவான இப்ரோனியாசிட்டை 1950களின் தொடக்கத்தில் காசநோயாளிகளுக்குக் கொடுத்தபோது, படுத்துக்கிடந்தவர்கள் உற்சாகமாகிவிட்டார்களாம். மனச்சோர்வுக்கு மருந்து தேடும் வழி அங்கிருந்துதான் திறந்தது. அந்த மருந்து ஈரலைக் கெடுத்ததால் பின்னால் கைவிட்டார்கள். அப்பாவின் மாத்திரை டப்பா இன்னும் பரண்மேல் இருக்கிறது. எடுத்துத் துடைத்து வைத்தேன்.

போன வாரம் மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டுபோன எல்லாவற்றையும் டாக்டரிடம் படித்துக் காட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். தைராய்டு, பி12, ரத்தத்தில் சோடியம் எல்லாம் பார்க்க எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட் வந்ததும் மருந்தை மெல்ல மாற்றிப் பார்க்கலாம் என்றார், வாரம் ஒருநாள் கவுன்சலிங்குக்கும் வரச் சொன்னார். முதல் அமர்வு வருகிற புதன்கிழமை, காட்பாடி பஸ்ஸில் போகவேண்டும்.

நடக்கிறேன், அதையும் விடவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வருவாய் அல்லவா? சாயங்காலம் ஆற்றுப் பாலம் வரைக்கும் போய்வருவோம். நான் பேசாமல் வந்தால் நீ பாட்டுக்குத் திருப்பூர்க் கதை சொல்லிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்