மருந்து கேட்கிறது

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் சொல்லிவிடலாம் என்று பல நாள் நினைத்தேன். பேரப்பிள்ளைகளின் முகத்தைத் திரையில் பார்த்ததும் வாய் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன், வாப்பா. துபாய்க்குத் திரும்பும் நம் தெருப் பையனிடம் தொதல் கொடுத்துவிடுகிறேன். அதோடு இந்தக் கடிதமும் வரும்.

கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயால் என் இடது கண்ணில் மூக்கை ஒட்டிய மேற்பகுதிப் பார்வை போய்விட்டது. அது இனித் திரும்பாது. நீ "சொட்டு மருந்து போடுகிறீர்களா உம்மா?" என்று கேட்டபோதெல்லாம் "போடுகிறேன்" என்றேன். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு அது பொய். உன் வாப்பா மவுத்தான பிறகு உன்னிடம் நான் மறைத்தது இது ஒன்றுதான். மன்னித்துக்கொள்.

எப்படி விட்டேன் என்பதைச் சொல்கிறேன். முதலில் டிமோலால் என்ற மருந்தைக் காலையும் மாலையும் போடச் சொன்னார்கள். கண் அழுத்தம் 26 மில்லிமீட்டர் இருந்தது. 21-க்குள் இருப்பதுதான் இயல்பாம். போட்டுவந்தேன், 19 ஆனது. அப்போது நோன்பு வந்தது. கண்ணில் விட்டால் தொண்டையில் கசக்கிறதே, நோன்பு முறிந்துவிடுமோ என்று பயந்து நிறுத்தினேன். பழைய ஜும்மா பள்ளிப் பக்கம் போய் ஓர் ஆலிமிடம் கேட்க எத்தனை நேரம் ஆகும்? கேட்கவில்லை. பிற்பாடு கேட்டபோது, நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபுச் சட்டப்படி கண் உடலுக்குள் போகும் திறந்த வழியாகக் கருதப்படுவதில்லை, சொட்டு விட்டால் நோன்பு முறியாது என்று சொன்னார். அதுவும் வேண்டாம் என்றால் சஹருக்கு ஒரு முறை, நோன்பு திறந்ததும் ஒரு முறை போட்டிருக்கலாம். பெருநாள் கழிந்தும் மீண்டும் தொடங்கவில்லை. வலியில்லை, சிவப்பில்லை, எல்லாம் தெரிகிறது. பிறகு எதற்கு என்று தோன்றியது. காய்ச்சல் மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்குவது தெரியும். இந்தச் சொட்டைப் போட்டாலும் ஒன்றும் தெரியாது, விட்டாலும் ஒன்றும் தெரியாது. போன பார்வையைக் கொண்டுவர அல்ல, இருப்பதைக் காப்பாற்றவே அது என்பதை நான் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு நான்கு நாள் முன்பு சீசாவைத் தேடி எடுத்து ஒழுங்காகப் போடுவேன். அங்கே பார்த்தால் அழுத்தம் 19. "மருந்து நன்றாகக் கேட்கிறது" என்று டாக்டரம்மா சொல்வார். பஸ்ஸில் ஊர் திரும்பும்போது எனக்கும் நிம்மதியாக இருக்கும். அந்த நான்கு நாளைத்தான் அவர் அளந்தார். மற்ற மாதங்களை அளக்க அவரிடம் கருவியில்லை. சென்ற முறை கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் சோதனை செய்தார்கள். இடது கண்ணில் பல புள்ளிகள் எனக்குத் தெரியவே இல்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்று விட்டதை மற்றது நிரப்பிவிடுமாம். அதனால்தான் வீட்டில் எதுவும் தெரியவில்லை. 19 இருந்தும் பார்வை நரம்பு கெடுகிறதே என்று டாக்டரம்மா கவலைப்பட்டார். இன்னொரு மருந்து சேர்க்கலாம், தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சை என்று பேச ஆரம்பித்தார். அப்போதுதான் உடைந்து உண்மையைச் சொன்னேன். என் பொய்க்காக என் கண்ணில் கத்தி வைக்க இருந்தார்கள், வாப்பா.

அவர் திட்டவில்லை. வேளை தவறுகிறவர்கள் பலர், சொல்கிறவர்கள்தான் குறைவு என்றார். மருந்தை மாற்றி, லட்டானோபிராஸ்ட், இரவில் ஒரே ஒரு முறை என்று எழுதிக்கொடுத்தார். லேசர் சிகிச்சையும் உண்டாம், அதற்குப் பிறகும் சிலருக்குச் சொட்டு தேவைப்படுமாம்; இப்போதைக்கு இதையே பார்க்கலாம் என்றார். ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வில், அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே நோய் முற்றும் ஆபத்து பத்தில் ஒரு பங்கு குறைந்ததாகவும் சொன்னார்.

போடும் விதத்தையும் நர்ஸ் பெண் என்னையே செய்யச் சொல்லிப் பார்த்தாள். நான் ஒரு கண்ணுக்கு மூன்று சொட்டு பிழிந்திருக்கிறேன்! கண் ஒரு சொட்டைக்கூட முழுதாகத் தாங்காது, மிச்சம் கன்னத்தில்தான் வழியும். ஆரம்பத்தில் ஒழுங்காகப் போட்டபோதும் சீசா இருபது நாளில் தீர்ந்து மாதத்தின் கடைசிப் பத்து நாள் வெறுமையாகப் போனதன் காரணம் அதுதான். இப்போது கீழிமையை இழுத்து ஒரு சொட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்துகிறேன். தொண்டைக் கசப்பும் இல்லை. நம் ஊர் வெயிலுக்குச் சீசா பிரிட்ஜில் இருக்கிறது, திறந்த தேதியை அதன்மேல் எழுதியிருக்கிறேன். இமை முடி நீண்டு கறுத்துவருகிறது. உன் ராத்தா "சுர்மா போட்டீர்களா?" என்று கேட்டாள். அது இந்த மருந்தின் குணம்தானாம். போன மாதம் அழுத்தம் 16. இந்தப் பதினாறு உண்மையான பதினாறு.

நீ அங்கிருந்து விலை கூடிய மருந்து அனுப்ப வேண்டாம். இங்கேயே கிடைக்கிறது. உன்னிடம் நான் கேட்பது வேறு. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் ஆபத்து பல மடங்காம். உனக்கு 41 வயது. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு வந்தால் போதாது. அழுத்தம் பார்க்க வேண்டும், கண்பாப்பா விரிய மருந்து விட்டு உள்ளே பார்வை நரம்பையும் பார்க்க வேண்டும். உன் ராத்தா வருகிற புதன்கிழமை ராமநாதபுரம் போகிறாள். நீ இந்த மாதச் சம்பளம் வந்ததும் போ.

இன்னொன்று. இங்கே இரவு ஒன்பது என்றால் உனக்கு ஏழரை. வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பாய். அந்த நேரத்தில் கூப்பிடு. போட்டேனா என்று கேட்காதே, கேட்டால் "போட்டேன்" என்றுதான் வாய் சொல்லும். வீடியோவில் பேசு. நீ பார்க்கும்போதே போடுகிறேன்.

துஆவுடன்,
உம்மா
கீழக்கரை