நீ அனுப்பிய அந்தப் புத்தகப் பட்டியல்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை மூன்று தடவை பார்த்துவிட்டேன். பெரும்புள்ளிகள் படித்த புத்தகங்கள், வாரத்துக்கு ஒன்று வீதம் வருஷத்துக்கு 52. அதில் நாலு வாங்கி, நாலையும் பாதியில் விட்டுவிட்டு, "எனக்கு வாசிப்பே வராது போலிருக்குப்பா" என்று போனில் சொன்னாய். நான் "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் எனக்கு எப்போதுமே பேச வராது. வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அதனால் எழுதுகிறேன்.

பட்டியலை நான் குறை சொல்லவில்லை. பில் கேட்ஸும் ஒபாமாவும் வருஷம் தவறாமல் தாங்கள் படித்ததைச் சொல்கிறார்கள். இரண்டு பேருமே நிஜமாகப் படிக்கிறவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒன்றைக் கவனி. அவையெல்லாம் பேரும் புகழும் வந்து சேர்ந்த பிறகு அவர்கள் படிப்பவை. அவர்களை ஆளாக்கிய புத்தகங்கள் வேறு, அவை கைக்கு வந்த வயதும் வேறு. வாரன் பஃபெட்டைத் திருப்பிப் போட்டது பெஞ்சமின் கிரகாம் எழுதிய முதலீட்டுப் புத்தகம். அதைப் படித்தபோது அவருக்கு 19 வயது. அதே புத்தகத்தை நானும் ஒருமுறை படிக்க உட்கார்ந்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது.

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் நேர்மையான பட்டியல் டால்ஸ்டாய் போட்டதுதான். 1891இல், அவருக்கு 63 வயதாகும்போது, ஒரு பதிப்பாளர் கேட்டதற்காக எழுதினார். எழுதும்போதே வயது வாரியாகப் பிரித்துக்கொண்டார். 14 வயது வரை ஒன்று, 14 முதல் 20 வரை ஒன்று, அப்புறம் 35 வரை, 50 வரை, 63 வரை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்தில் அது தன்மேல் ஏற்படுத்திய பாதிப்பு 'பெரிது', 'மிகப் பெரிது', 'அளவிட முடியாதது' என்று ஒரு குறிப்பு. சின்ன வயதுக் கட்டத்தில் பைபிளின் யோசேப்பு கதை இருக்கிறது, அலிபாபாவும் நாற்பது திருடர்களும் இருக்கிறது. இளமைக் கட்டத்தில் ரூசோவும் டிக்கன்ஸும். கிரேக்கக் கவி ஹோமரை மூலமொழியிலேயே படித்தது 35க்கு மேல்தான். அதற்காக நாற்பது வயது தாண்டிக் கிரேக்கம் கற்றுக்கொண்டார். கன்ஃபூசியஸும் லாவோ ட்சுவும் 50க்கு அப்புறம். அவ்வளவு பெரிய எழுத்தாளர், நாற்பது திருடர்களை மறைக்கவில்லை பார். 63 வயதில் தனக்குப் பிடித்ததை 25 வயதுக்காரர் தலையில் கட்டவும் இல்லை. உன் பட்டியல் உனக்கு என்ன வயது என்று கேட்கவே இல்லையே, கண்ணு.

இன்னொன்று. பெரிய மனிதர்கள் பெரிய புத்தகங்களைத் தேடிப் போய்ப் படித்துப் பெரியவர்களானார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். முக்கால்வாசி கதைகளில் புத்தகம் தானாகக் கைக்கு வந்திருக்கிறது, அதுவும் சாதாரணப் புத்தகமாக. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தைக்க வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை இருந்தது, படித்தார். ராமானுஜனுக்கு 1903 வாக்கில், பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போது, கார் என்பவர் தொகுத்த கணித நூல் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பையன்களைத் தயார்செய்கிற ஒரு டியூஷன் ஆசிரியர் போட்ட தொகுப்பு அது. ஏறத்தாழ 5000 சூத்திரங்கள் வரிசையாக இருக்கும். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. இன்றைய பாஷையில் சொன்னால் கைடு. பிற்காலத்தில் ராமானுஜன் தன் நோட்டுகளில் முடிவை மட்டும் எழுதி நிரூபணத்தை விட்டுவிட்டதற்கு அந்தப் புத்தகத்தின் பாணியும் ஒரு காரணம் என்பார்கள். யாருடைய சிபாரிசுப் பட்டியலிலும் அது இடம்பெற்றிருக்காது.

காந்தி கதை உனக்குத் தெரியும். 1904இல் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயில் ஏறும்போது, வழியனுப்ப வந்த நண்பர் போலக் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். ஆங்கில எழுத்தாளர் ரஸ்கின் எழுதியது. 24 மணி நேரப் பயணம். எடுத்தவர் கீழே வைக்கவில்லை, அன்று இரவு தூங்கவும் இல்லை. அந்த வருஷமே ஃபீனிக்ஸ் பண்ணை ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே சத்திய சோதனையில், அதே இடத்தில், அவர் சொல்லியிருக்கும் இன்னொரு விஷயம்தான் எனக்குப் பிடித்தது: படிக்கிற காலத்தில் பாடப் புத்தகத்துக்கு வெளியே தான் அநேகமாக எதையும் படித்ததில்லை, பிறகு நேரமும் கிடைக்கவில்லை, அதனால் பெரிதாக ஒன்றும் இழந்துவிடவில்லை, கொஞ்சமாகப் படித்ததால் படித்ததை நன்றாகச் செரித்துக்கொள்ள முடிந்தது என்கிறார். வாரத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு நீ கவலைப்படுகிறாயே, அந்தக் கணக்கில் காந்தி ஃபெயில்.

இந்த வரிசையில் என் மனசுக்கு நெருக்கமானவர் உ.வே.சாமிநாதையர்தான். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது, 25 வயது. ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அல்லவா, ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம், பழைய நூல்களைப் படித்திருக்கிறீர்களா, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்கிறார். இல்லை. பேரைக் கேட்டதோடு சரி.

நினைத்துப் பார். தமிழில் கரை கண்டதாக நினைத்துக்கொண்டிருந்த இளைஞர். முதல் சந்திப்பிலேயே இப்படி ஒரு அடி. கோபித்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். அவரோ முதலியார் கொடுத்த பிரதியை வாங்கி வந்தார். படித்தார், புரியவில்லை. அது சமண காப்பியம், அவர் வளர்ந்ததோ சைவப் புலமைச் சூழலில். ஊரில் இருந்த சமணர்களிடம் போய்க் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏடுகளைத் தேடினார், ஒப்பிட்டார். 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. ஒரு புத்தகத்துக்கு ஏழு வருஷம்! நாலு புத்தகத்தைப் பாதியில் விட்டதற்கு நீ இரண்டு மாசமாகக் குமைந்துகொண்டிருக்கிறாய்.

சரி, இனிமேல்தான் நான் சொல்லத் தயங்கும் பகுதி.

நீ எட்டாவது படிக்கும்போது, விட்ட இடம் தெரிவதற்காகப் பக்கத்தின் மூலையை மடிப்பாய். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "புத்தகத்தை இப்படியா வைத்துக்கொள்வது?" என்று உன் சித்தப்பா முன்னால் சத்தம் போட்டேன். நீ அழவில்லை. அதற்கப்புறம் என் அலமாரியிலிருந்து ஒரு புத்தகமும் எடுக்கவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

நியூட்டன் பக்கத்தை மடிப்பவர், தெரியுமா? சும்மா மூலையை மடிப்பதில்லை. தனக்கு வேண்டிய சொல்லின் மேல் மடிப்பின் நுனி சரியாகப் போய் நிற்கும்படி, சில சமயம் பாதிப் பக்கத்தையே மடித்துவிடுவார். அந்த மடிப்புகளை வைத்து அவர் எந்த வரியில் நின்றார் என்று இன்றைக்கு ஆராய்ச்சி செய்கிறார்கள். டார்வின் இன்னும் மோசம். கனமான புத்தகத்தைக் கையில் பிடிக்கக் கஷ்டமாக இருந்தால் நடுவில் இரண்டாகப் பிளந்துவிடுவார். சின்னச் சின்ன ஆய்வு வெளியீடுகளில் தனக்கு வேண்டிய தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூர எறிவார். அவருக்குப் புத்தகம் வேலை செய்யும் ஒரு கருவி, அவ்வளவுதான், மரியாதையெல்லாம் கிடையாது என்று அவர் மகன் ஃபிரான்சிஸ் எழுதி வைத்திருக்கிறார். இதைப் படித்த அன்று உன் ஞாபகம் வந்தது. மன்னித்துக்கொள்.

டார்வின் பற்றி வந்ததால் இன்னும் கொஞ்சம். அவருக்கு நாவல் என்றால் உயிர். தினமும் மனைவி எம்மா வாசிக்க, படுத்துக்கொண்டு கேட்பார். நாவலாசிரியர்களையெல்லாம் அடிக்கடி வாழ்த்துவதாகவும், சோகமாக முடியும் நாவலுக்கு எதிராக ஒரு சட்டம் போட வேண்டும் என்றும் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். உயர்ந்த இலக்கியம் வேண்டுமென்றுகூட இல்லை, சுமாராக இருந்தாலே போதுமாம். நீ பஸ்ஸில் காதல் கதை படிப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அட்டையை மறைப்பதாகச் சொன்னாயே, அட்டையைத் திருப்பிப் பிடி.

ஆனால் டார்வினின் அதே தன்வரலாற்றில் ஒரு வருத்தமும் இருக்கிறது. இளம் வயதில், பீகிள் கப்பலிலிருந்து இறங்கிக் கரையில் அலையப் போகும்போது ஒரே ஒரு புத்தகம்தான் எடுத்துப்போக முடியும் என்றால் மில்டனைத்தான் எடுப்பாராம். அந்த மனிதருக்குப் பிற்காலத்தில் கவிதையில் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. ஷேக்ஸ்பியரை எடுத்தால் குமட்டுகிறது என்கிறார். மூளை, தகவல்களை அரைத்துப் பொது விதிகளைப் பிழிந்தெடுக்கும் இயந்திரமாகிவிட்டது போல் தெரிகிறது. மறுபடி வாழக் கிடைத்தால் வாரத்துக்கு ஒருமுறையாவது கொஞ்சம் கவிதை படிப்பேன், கொஞ்சம் இசை கேட்பேன் என்று எழுதினார். இரவு பத்து மணி வரை நீ கணினியில் எண்களோடு மல்லுக்கட்டுவதால் இதைச் சொல்கிறேன். வேறொன்றுமில்லை.

பாதியில் விடுவது பற்றி. கேட்ஸ் எடுத்த புத்தகத்தை முடிக்காமல் விடமாட்டாராம். அது அவர் சுபாவம். மாண்டேயின் என்ற பழைய பிரெஞ்சுக் கட்டுரையாளர் நேர்மாறு. ஒரு இடம் புரியவில்லை என்றால் ஒன்றிரண்டு முறை முட்டிப் பார்ப்பார், அப்புறம் அப்படியே விட்டுவிடுவார். ஒரு புத்தகம் அலுத்தால் இன்னொன்று. அவருக்கு ஞாபக மறதி வேறு. சில வருஷம் முன்பு ஓரமெல்லாம் கிறுக்கிக்கிறுக்கிப் படித்த புத்தகத்தையே புதிது என்று எடுத்துவிடுவார். அதனால் படித்து முடித்த தேதியையும், எப்படி இருந்தது என்று நாலு வரியையும் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்க ஆரம்பித்தார். இதை மட்டும் நான் காப்பியடித்துக்கொண்டேன். டாக்டர் ஜான்சனிடம் ஒருவர், அந்தப் புதுப் புத்தகத்தை முழுசாகப் படிக்கவில்லையா என்று கேட்டதற்கு, "ஏன், நீங்கள் புத்தகங்களை முழுசாகப் படிப்பீர்களோ?" என்று திருப்பிக் கேட்டாராம். அகராதி தொகுத்த மனிதர்!

மேலே ஷேக்ஸ்பியர் பற்றிச் சொன்னேனே, அதில் தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவு ஞாபகம் வருகிறது. அங்கே சிறையில் இருந்த சன்னி வெங்கட்ரத்னம் என்ற கைதியிடம் ஷேக்ஸ்பியர் முழுத் தொகுதி ஒன்று இருந்தது. காவலர்கள் பிடுங்கிவிடக் கூடாதே என்று தீபாவளி வாழ்த்து அட்டைகளை அதன் மேல் ஒட்டி, இது என் வேதப் புத்தகம் என்று சொல்லிவிட்டார். புத்தகம் கைதி கைதியாகச் சுற்றியது. பிடித்த வரிக்குப் பக்கத்தில் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மண்டேலா, கோழை சாவதற்கு முன்னே பலமுறை சாகிறான் என்று ஜூலியஸ் சீசர் சொல்லும் இடத்தில் போட்டார். 16-12-1977 என்று தேதி இருக்கிறது. வால்டர் சிசுலு, அவமானத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் என்று 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் ஷைலாக் சொல்லும் இடத்தில் போட்டார். டார்வினுக்குக் குமட்டிய அதே ஷேக்ஸ்பியர். டால்ஸ்டாயும் 75 வயதில் ஷேக்ஸ்பியர் முழுவதையும் மறுபடி படித்துப் பார்த்துவிட்டு, எனக்கு வெறுப்புதான் வருகிறது என்று கட்டுரையே எழுதினார். மண்டேலா, டார்வின், டால்ஸ்டாய், இந்த மூவரில் யார் பட்டியலை நீ வாங்குவாய்?

கடைசியாக ஒரு விஷயம். பன்னிரண்டாவது பரீட்சை சமயத்தில் உன்னிடமிருந்து ஒரு துப்பறியும் நாவலைப் பிடுங்கிப் பரணில் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? போன வாரம் பழைய பெட்டிகளை இறக்கும்போது கிடைத்தது. 143ஆம் பக்கத்தில் நீ மடித்த மூலை அப்படியே இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டேன். கொலையாளி நீ அன்றைக்குச் சந்தேகப்பட்ட ஆள் இல்லை. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்தோடு அதையும் கட்டி அனுப்பியிருக்கிறேன். மடிப்பை நான் நிமிர்த்தவில்லை.

இப்படிக்கு
அப்பா