தரகு விகிதக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்

வீடு விற்பனைத் தரகர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

வீட்டை விற்க வருபவரிடம் தரகர் நீட்டும் ஒப்பந்தப் படிவத்தில் பெயர், முகவரி, எதிர்பார்க்கும் விலை ஆகிய எல்லாவற்றுக்கும் இடம் விடப்பட்டிருக்கிறது. தரகு விகிதம் மட்டும் பல படிவங்களில் முன்கூட்டியே அச்சாகி வந்துவிடுகிறது. வீட்டின் விலையில் கடைசிவரை விட்டுக்கொடுக்காதவர்கூட, இந்த ஒரு வரியை அரசு நிர்ணயித்த கட்டணம்போல் எண்ணிக் கையெழுத்திடுகிறார். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, விகிதம் பேசி முடிவு செய்யத்தக்கது என்று அதன் அருகிலேயே அச்சிடும்படி உங்கள் உறுப்பினர்களை அறிவுறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இது புதிய கோரிக்கை அன்று. வாஷிங்டன் நகரின் சொத்துத் தரகர் வாரியம் தன் உறுப்பினர்களுக்கு வகுத்திருந்த தரகு விகிதம், தொழில் செய்வோர் கூடி விலை நிர்ணயிப்பதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1950-இலேயே தீர்ப்பளித்தது. அதன் பின்னும் ‘வழக்கம்’ என்ற பெயரில் விகிதங்கள் பெரிதும் அசையவில்லை. 2024-இல் அந்நாட்டின் தேசியத் தரகர் சங்கம் 41.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு, வீடு விற்றவர்கள் தரகு தொடர்பாகத் தொடுத்த வழக்குகளைச் சமரசத்தில் முடித்தபோது, தரகைச் சட்டம் நிர்ணயிப்பதில்லை, அது பேசி முடிவு செய்யத்தக்கது என்பதைத் தரகு ஒப்பந்தங்களில் தெளிவாகக் குறிப்பிடவும் இசைய வேண்டியதாயிற்று.

விகிதத்தைக் குறைப்பது மட்டுமே பேரம் என்று நான் கருதவில்லை. அடிமாட்டுக் கமிஷனுக்கு ஒப்புக்கொண்ட தரகர் விளம்பரத்திலும் அலைச்சலிலும் கைவைத்தால் நட்டம் விற்பவருக்கே. உண்மையான சிக்கல் கணக்கில் இருக்கிறது. தரகு இரண்டு சதவீதம் என்றால், கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு நூறிலும் விற்பவருக்கு 98, தரகருக்கு 2. இன்னும் சில வாரம் பொறுத்து நல்ல விலை வாங்குவதைவிட, கைக்கு வந்த பார்ட்டியிடம் விரைவாக முடித்துவிடுவதே தரகருக்கு லாபம். சிகாகோ வட்டார விற்பனைகளை ஆராய்ந்து பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், தரகர்கள் தம் சொந்த வீடுகளை அதே தரத்திலான பிறர் வீடுகளைவிடச் சுமார் 3.7 சதவீதம் கூடுதல் விலைக்கு விற்றதும், அதற்காகச் சுமார் ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்ததும் தெரியவந்தன. இதைத் தரகரின் நேர்மைக் குறைவாக நான் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தின் அமைப்பே அப்படித் தூண்டுகிறது. ஒரு குறிப்பிட்ட விலைவரை குறைந்த விகிதமும், அதற்கு மேல் கிடைக்கும் தொகைக்கு மட்டும் கணிசமாக உயர்ந்த விகிதமும் என்று பேசிக்கொள்ள வெறுமையான கட்டம் இடம் தரும். அச்சிட்ட விகிதம் தராது.

கட்டத்தைத் திருத்தும்போதே, தரகு முன்பணத்தன்று தரவேண்டுமா, பத்திரப்பதிவன்றா என்பதற்கும், வாங்குபவரிடமும் தரகர் கமிஷன் பெற்றால் விற்பவருக்கு எவ்வளவு குறையும் என்பதற்கும் தனித்தனி வரிகள் சேர்க்கலாம். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும், தரகர் முன்பு காட்டிய ஆளுக்கே வீடு விலைபோனால் தரகு உண்டு என்ற விதி நியாயமானதே. ஆனால் அது எத்தனை மாதம் செல்லும் என்பதும், அந்த ஆட்களின் பட்டியல் ஒப்பந்தம் முடியும் நாளில் எழுத்தில் தரப்படவேண்டும் என்பதும் படிவத்திலேயே இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
வீடு விற்க முனைந்திருக்கும் ஒருவர்