மல்லிக்கு ஒரு வேலை

மல்லி,

நல்லா இருக்கியா, மாமாவுக்குச் சர்க்கரை இறங்கியதா, பெரியவன் பத்தாவதில் ஒழுங்காகப் படிக்கிறானா, எல்லாவற்றுக்கும் பதில் எழுது. இத்தனை நாள் நான் எழுதாததற்குத் திட்டுவதையும் அதிலேயே சேர்த்துத் திட்டிவிடு. இங்கே எல்லாரும் சுகம். சுகந்தி மறுபடியும் வீடு மாற்றிவிட்டாள், காரணத்தை நீயே ஊகித்துக்கொள்.

நான் எழுத வந்தது வேறு. உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஓவிய டீச்சர்தான் செய்யவேண்டும், கூலி கிடையாது.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு ஊரில் மஞ்சள் நீராட்டு விழா. சாயங்காலம் விசேஷம், ராத்திரி மட்டன் பிரியாணி, வெளியூர்ச் சொந்தங்கள் அங்கேயே தங்கல். காலையில் அவர்களுக்குத் தெருமுனைக் கடையிலிருந்து இட்லியும் தேங்காய்ச் சட்னியும். ஒன்பது மணிக்கெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிற்க இடமில்லை, ஆளுக்கொரு பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எதனால்? சட்னிதான், வேறென்ன. கடைசியாகச் சாப்பிட்டது எதுவோ அதன்மேல்தானே பழி விழும். சுகாதாரத் துறையிலிருந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த இட்லிக்கார அக்கா கடையைச் சாத்திவிட்டு உள்ளே அழுதுகொண்டிருந்தார், வெளியே இரண்டு பையன்கள் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை, மறுநாளே எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார்கள். இல்லாவிட்டால் இவ்வளவு நிதானமாகக் கதை சொல்லிக்கொண்டிருப்பேனா.

இப்படி ஒன்று நடந்தால் எங்கள் முதல் வேலை பட்டியல் எடுப்பது. பெயர், வயது, என்ன சாப்பிட்டார், எப்போது ஆரம்பித்தது. எங்கள் கையில் இருந்த தாளில் "தொடங்கிய தேதி" என்றுதான் கட்டம், மணிக்கு இடமே இல்லை. எப்போது எத்தனை பேருக்கு நோய் ஆரம்பித்தது என்று பட்டை பட்டையாகப் படம் போடுவோம், தேதியை மட்டும் வைத்து அதைப் போட்டால் எல்லாரும் ஒரே நாளில் வந்து நிற்கிறார்கள், நடுவில் ஒற்றைக் கொடிக்கம்பம், அவ்வளவுதான். அதைக் கலர் கலராக, முப்பரிமாணத்தில் போட்டு அனுப்பச் சொன்ன மேலிடத்தைப் பற்றி நேரில் சொல்கிறேன், எழுத்தில் வேண்டாம். கிருமி உள்ளே போனதிலிருந்து வேலையைக் காட்டும் வரை ஆகிற நேரம் இருக்கிறதே, அதில் மூன்றில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோதான் ஒவ்வொரு பட்டையின் அகலமும் இருக்கவேண்டும் என்பது பழைய கணக்கு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிற நோய்க்கு இரண்டு மூன்று மணி நேரப் பட்டை. அதுவே ஹெபடைடிஸ் ஏ மஞ்சள்காமாலை என்றால் 15 நாளிலிருந்து 50 நாள் வரை ஆகும், அங்கே மணிக்கணக்குப் பார்த்து என்ன செய்ய.

சரி, மணி கேட்கலாம் என்று போனால் எல்லாருக்கும் ஒரே பதில்: "விடியக்காலையில." விடியக்காலை என்றால் நம் பக்கத்தில் இரண்டு மணியிலிருந்து ஏழு மணி வரை எதுவாகவும் இருக்கலாம், தெரியுமே உனக்கு. அந்த ஊர் நர்ஸ் அக்காதான் வழி சொன்னார். பாங்கு சொன்னதற்கு முன்னாலயா பின்னாலயா? பால்காரர் ஹாரன் அடித்தாரா? நெய்வேலி முதல் ஷிப்ட் பஸ் போயிருந்ததா? கோயில் ஸ்பீக்கர் போட்டாயிற்றா? இப்படிக் கேட்கக் கேட்க ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் விழுந்தது. சார்ட் பேப்பரில் மேலே இந்த ஊர்க் கடிகாரத்தை வரிசையாக எழுதிக்கொண்டு, கீழே நோய் வந்த ஆளுக்கொரு கட்டம். பிரியாணி மட்டும் சாப்பிட்டவருக்குக் கறுப்பு, இட்லி மட்டும் என்றால் வெள்ளை, இரண்டும் என்றால் சாய்கோடு. பெண்ணோட அத்தை ராத்திரியே திரும்பத் திரும்பக் கொல்லைப்பக்கம் ஓடியிருக்கிறார், விசேஷ வீட்டில் இதைப்போய்ச் சொல்வதா என்று வாயே திறக்கவில்லை. நர்ஸ் அக்கா கிணற்றடியில் தனியாக நிறுத்திக் கேட்டபிறகுதான் சொன்னார். அவர் சொன்னதைப் பார்த்து இன்னும் சில பெண்கள். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டிருந்தால் இந்தக் கட்டங்கள் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.

இட்லி வந்தது ஏழரைக்கு. அங்கே ஒரு கோடு இழுத்தேன். மல்லி, பாதிக்குமேல் கட்டங்கள் அந்தக் கோட்டுக்கு இடதுபக்கம்! சாப்பிடாத சட்னிக்கு எப்படி வயிற்றைக் கலக்கும்? பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு ராத்திரியே பண்ருட்டிக்குத் திரும்பிய வேன் டிரைவர், அந்த இட்லியைக் கண்ணாலும் பார்க்காதவர், விடியும் முன்னால் வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார். தினமும் அந்தக் கடையிலேயே சாப்பிடுகிற கொத்தனார் ஆட்கள் அன்றைக்கும் அதே சட்னியைத் தொட்டுத் தின்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. வெள்ளைக் கட்டம் ஒன்றுகூட இல்லை. படத்தின் வலது ஓரத்தில், மறுநாள் ராத்திரியில், தன்னந்தனியாக ஒரு கறுப்புக் கட்டம். யாரென்று பார்த்தால் பார்சல் கட்டிக்கொண்டு போய் மத்தியானம் சாப்பிட்ட ஒரு தாத்தா. வரிசையை விட்டுத் தள்ளி நிற்கிற ஆளிடம்தான் முதலில் பேசவேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு சரி. பயிற்சியில் எல்லாருக்கும் போடுகிற கணக்கு ஒன்று உண்டு, நியூயார்க் மாநிலத்து ஆஸ்விகோ பகுதியில் 1940 ஏப்ரல் 18 அன்று நடந்த ஒரு சர்ச் விருந்து. விசாரித்த 75 பேரில் 46 பேருக்கு நோய், கடைசியில் வெனிலா ஐஸ்கிரீம் மாட்டியது. அப்போது அதைத் தூங்கி வழிந்துகொண்டே போட்டேன்.

படத்துக்குக் கீழே இன்னொரு கோடு, சமையலுக்கு. மாஸ்டருக்கு அன்று முகூர்த்த நாள், வடலூரில் இன்னொரு ஆர்டர். அதனால் மத்தியானமே தம் போட்டு இறக்கிவிட்டுப் போய்விட்டார். ராத்திரி எட்டு வரை தேக்சா மூடியபடியே இருந்திருக்கிறது. பெரிய தேக்சா சீக்கிரம் ஆறாது, சூடாகவும் இருக்காது, வெதுவெதுவென்றே கிடக்கும். கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று ஒரு கிருமி, அதன் விதைகள் கொதித்தாலும் சாகாது, 45 டிகிரி பக்கம் வந்ததும் மளமளவென்று பெருகும். சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றுவலி, பேதி. வாந்தி, காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. எல்லாம் பொருந்துகிறது. சட்னி பேரில் தப்பில்லை என்று ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, படத்தைச் சுவரில் ஒட்டிக் காட்டினேன். அன்று சாயங்காலமே கடை திறந்தது. இதுவரை கதை நன்றாகத்தான் போகிறது.

இதற்குமேல்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் படத்தை யாரோ போட்டோ எடுத்து, பிரியாணி மாஸ்டர் பேரையும் செல் நம்பரையும் போட்டு, ஊர் ஊராக வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டுவிட்டார்கள். இரண்டு விசேஷம் கைநழுவிப் போயிற்றாம். மிச்சப் பிரியாணியைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள், சோதனைக்கு அனுப்ப ஒரு பருக்கை இல்லை. பேசில்லஸ் சீரியஸ் என்கிற இன்னொரு கிருமிக்கும் கிட்டத்தட்ட இதே நேரம், இதே பேதி, என் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தயிர்ப்பச்சடியும் அதே பந்தியில்தான் இருந்தது. பிரியாணி வாங்கினவர்கள் எல்லார் இலையிலும் அதுவும் விழுந்திருக்கிறது, இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. அறிக்கையில் "பெரும்பாலும் இருக்கலாம்" என்று எழுதினேன். படத்தில் அந்த "இருக்கலாம்" எங்கே? கறுப்புக் கட்டம் கறுப்பாகத்தானே இருக்கிறது.

ஜான் ஸ்நோவை உனக்குத் தெரியுமே, 1854இல் லண்டனில் காலராவுக்குக் காரணமான அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தவர். அவருடைய வரைபடத்தை எல்லாரும் கொண்டாடுகிறார்கள், கைப்பிடி போனது, காலரா நின்றது என்று. தினசரி சாவு எண்ணிக்கையைத் தேதிவாரியாகப் பார்த்தால், செப்டம்பர் 8இல் கழற்றும்போதே காலரா இறங்கத் தொடங்கிவிட்டது. ஜனங்கள் ஊரைக் காலி செய்து போனதும் ஒரு காரணம் என்று அந்த மனுஷரே எழுதியிருக்கிறார். யார் படிக்கிறார்கள்?

அதனால் மல்லி, உன் வேலை இதுதான். சந்தேகத்தை எப்படி வரைவது? நேரம் உறுதியாகச் சொன்னவருக்குக் கெட்டியான கட்டம், "பாங்குக்கும் பாலுக்கும் நடுவுல" என்றவருக்குப் புள்ளிக்கோட்டில் நீளக் கட்டம், இதுவரை யோசித்துவிட்டேன். பிரியாணியிலிருந்து நோய்க்கு அம்புக்குறி போடாமல், ஆறு மணி நேரத்திலிருந்து இருபத்துநாலு மணி நேரம் வரை வெளிறிய பென்சில் நிழல் மாதிரி ஒரு பட்டை போட்டால்? ஆனால் நம் ஆட்கள் நிழலைப் பார்த்தால் ஜெராக்ஸ் சரியில்லை என்பார்கள். பேர், ஊர் எதுவும் தெரியாமல், கிழித்து எடுத்து அனுப்பினாலும் யாரையும் குத்திக்காட்ட முடியாதபடி வேண்டும். ஏழாவது படிக்கிற உன் பிள்ளைகளிடம் காட்டி, என்ன புரிந்தது என்று கேள். "மாஸ்டர்தான் குற்றவாளி" என்று ஒரு பிள்ளை சொன்னாலும் மறுபடி வரையவேண்டும்.

மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், "எத்தனை மணி நேரம்மா வைக்கலாம்?" என்றுதான் கேட்டார். 60 டிகிரிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், முடியாவிட்டால் சாப்பிடும் நேரத்துக்கு ஒட்டித் தம் போடுங்கள் என்றேன். முகூர்த்த நாளில் அது நடக்கிற காரியமா என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

வர சனிக்கிழமை பாண்டி பஸ் ஏறுகிறேன். சார்ட்டைச் சுருட்டி எடுத்து வருவேன், பென்சில், அழிரப்பர், அந்த நல்ல ஸ்கேல் எல்லாம் எடுத்து வை. மீன்குழம்பு வைத்தால் எத்தனை மணிக்கு இறக்கினாய் என்று கேட்பேன், கோபித்துக்கொள்ளாதே.

உன்
செல்வி
கடலூர், மஞ்சக்குப்பம்