ரீசார்ஜ் பற்றிக் கேட்டாயே

சத்துவாச்சாரி, வேலூர்

அன்பு நண்பா,

நலமா? அம்மாவுக்கு முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. காலையில் கோட்டை அகழி ஓரம் நடக்கப் போனால் ஏழரை மணிக்கே சட்டை நனைந்துவிடுகிறது. போன வாரம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்கு நீ டிபன் பாக்ஸில் கொண்டுவருவாயே, அம்மா வைத்த காரக்குழம்பு, அந்த ஞாபகம் வந்துவிட்டது.

எந்த ரீசார்ஜ் போடலாம் என்று போனில் கேட்டாய். அன்றைக்கு பஸ் சத்தத்தில் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

உன் போனில் செட்டிங்ஸுக்குள் போய், மாதம் எவ்வளவு டேட்டா செலவாகிறது என்று முதலில் பார். வைஃபை தனி, மொபைல் டேட்டா தனி என்று காட்டும். நானும் இதைப் பார்க்காமலே கடைக்காரர் சொன்ன தினம் 2 ஜிபி பிளானைப் பல நாள் போட்டுக்கொண்டிருந்தேன். பார்த்ததும் திக்கென்றது. 28 நாளுக்கு 56 ஜிபிக்குப் பணம் கட்டி, 6 ஜிபிகூடத் தொடவில்லை. வீட்டில் வைஃபை இருக்கிறது. வெளியே போனால் வாட்ஸ்அப், ஜிபே, அவ்வளவுதான். தினசரி டேட்டாவில் மிச்சமானது பெரும்பாலும் நள்ளிரவோடு போய்விடும், மறுநாளைக்குச் சேராது. உன் வீட்டிலும் பையன் ஃபைபர் போட்டுவிட்டான் என்றாய். அப்படியானால் மொத்தமாகச் சில ஜிபி மட்டும் தருகிற பிளானே உனக்குப் போதும். பிருந்தாவன் ரயிலில் சென்னை போகிற நாளில் தீர்ந்துபோனால், டேட்டா மட்டும் தனியாகப் போட்டுக்கொள்.

அப்புறம் நாள் கணக்கு. 28 நாள் பிளான் என்றால் வருஷத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை போட வேண்டும். விலையை நாளால் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய். மாதாமாதம் ஒரே தேதியில் போடுவதுதான் உனக்கு வசதி என்றால் அதற்கும் வழி உண்டு. அப்படி ஒரு பிளானாவது வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிற அரசு ஆணையமான ட்ராய் 2022-லேயே எல்லா நிறுவனங்களுக்கும் உத்தரவு போட்டது.

அம்மாவின் போனைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பட்டன் போனுக்கு எதற்கு டேட்டா? பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் கட்டாயம் இருக்க வேண்டும், 365 நாள் வரைகூட இருக்கலாம் என்று 2024 டிசம்பரில் ட்ராய் விதி கொண்டுவந்தது. மறு மாதமே அந்த மாதிரி பிளான்கள் வந்துவிட்டன. ஆனால் கடையில் தானாக எடுத்துச் சொல்கிறவர்கள் குறைவு. "டேட்டா வேண்டாம், பேசறதுக்கு மட்டும்" என்று நீயே கேள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், அணைக்கட்டில் என் அக்கா தனியாக இருக்கிறாள் அல்லவா? போன வருஷம் அவள் சிம்முக்கு வேலிடிட்டி முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை. முதலில் அவளால் எங்களைக் கூப்பிட முடியவில்லை. சில நாளில் நாங்கள் கூப்பிட்டாலும் போகவில்லை. ராத்திரி முழுக்க முயன்று பார்த்துவிட்டு விடியற்காலையில் பஸ் பிடித்து ஓடினேன். அவள் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அன்றைக்கே ஒரு வருஷ பிளானைப் போட்டு, முடிகிற தேதியை அவள் வீட்டுக் காலண்டரிலும் என் போனிலும் குறித்துவைத்தேன்.

ஒரு வருஷத்துக்குப் போடும் முன் சிக்னலை மட்டும் பார்த்துக்கொள். உங்கள் வீட்டுப் பின்கட்டில் என் போன் எடுக்கவே இல்லை. வேறு வேறு சிம் வைத்திருக்கிறவர்களை அங்கே நிறுத்திப் பேசச் சொல். மாறத்தான் வேண்டும் என்றால் நம்பர் அப்படியே இருக்கும். ஆங்கிலத்தில் PORT என்று அடித்து, இடம் விட்டு, உன் நம்பரையும் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் மாறுவதற்கான குறியீடு வரும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். பழைய பிளானில் மிச்சமிருக்கும் நாட்கள் புது நிறுவனத்தில் சேராது, அதனால் முடிகிற சமயம் பார்த்து மாறு.

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தம் வருகிறேன். அம்மா போனுக்கு அன்றைக்கே சேர்ந்து போட்டுவிடலாம். வேலிடிட்டி அதற்கு முன்னாலேயே முடிகிறதா என்று இன்றைக்கே பார். முடிகிறது என்றால் எனக்காகக் காத்திருக்காதே.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்