அக்கூஸ்டிக் பேஸ் வாங்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். டொரொண்டோ அடுக்குமாடி வீட்டில் மின்பேஸுக்கு ஆம்ப் என்னும் ஒலிபெருக்கி போட்டால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுகிறார்கள் என்பதால், அது இல்லாமலே தன் பெட்டி உடலால் ஒலிக்கும் ஓர் அக்கூஸ்டிக் பேஸ் கிட்டார் வாங்க எண்ணியிருப்பதாகவும், டெய்லரின் ஜி.எஸ். மினி பேஸ், கில்டின் பி-240இ, இபானெஸின் ஏ.இ.பி. வரிசையில் ஒன்று ஆகிய மூன்றில் எதை எடுப்பது என்றும் கேட்டிருக்கிறாய். தொலைபேசியில் சொன்னால் பாதியில் அம்மா வாங்கிக்கொண்டுவிடுவாள், அதனால் எழுதுகிறேன்.

இந்த வகைக் கருவி உரக்க ஒலிக்கும் என்று நம்பி வாங்காதே. பேஸின் மிகத் தடித்த 'ஈ' (E) தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் அதிகம். அதைத் தள்ள, நிறுத்திவைத்து வாசிக்கும் ஆளுயர டபுள் பேஸின் உடல் வேண்டும். மடியில் வைத்து வாசிக்கிற உடலால் ஆகாது. கிட்டார் உடல் நன்றாக வெளியிடுவது அதே தந்தியிலிருந்து கூடவே எழுந்து, 82, 123 முறை என்று ஏறிச் செல்லும் மேற்சுரங்களைத்தான். அவற்றைக் கேட்டு, அடிச்சுரத்தை நம் காது தானே நிரப்பிக்கொள்கிறது. தனி அறையில் நிறைவாக ஒலிக்கும் அக்கூஸ்டிக் பேஸ், பக்கத்தில் ஒருவர் சாதாரண கிட்டாரின் தந்திகளை ஒருசேர வருடி ஸ்ட்ரம் செய்யத் தொடங்கியதும் காணாமல் போவதற்கும் இதுவே காரணம்: அந்த மேற்சுரங்கள் இருக்கும் இடத்தில்தான் கிட்டாரும் ஒலிக்கிறது.

இந்தச் சிக்கலை முன்பே சந்தித்தவர், கிட்டார் தந்திகளுக்குப் பேர்போன அமெரிக்கர் எர்னி பால். மின்கிட்டாருக்கு மின்பேஸ் இருப்பதுபோல அக்கூஸ்டிக் கிட்டாருக்கும் ஒரு பேஸ் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மெக்சிகோவின் திஹுவானாவில், அந்நாட்டு இசைக்குழுக்கள் வாசிக்கும் பெரிய பேஸ் கிட்டாரான கித்தர்ரோன் ஒன்றை வாங்கி, அதைத் தம் தேவைக்கு மாற்ற முடியாது என்று கண்டு, ஃபெண்டர் நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு சேர்ந்து 1972இல் 'எர்த்வுட்' பேஸைக் கொண்டுவந்தார். ஒலிக்காக உடலை மிகப் பெரிதாக்கினார்கள். கையை அதன்மேல் வளைத்துப் போடுவதே சிரமம் என்பார்கள். இடையில் நின்று, மீண்டும் தொடங்கி, 1985இல் அதன் உற்பத்தி முடிந்துபோயிற்று. வயலன்ட் ஃபெம்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் பிரையன் ரிட்சி அதைத்தான் வாசித்தார். பின்னால் வந்த பெரும்பாலான கருவிகள் உடலைச் சிறிதாக்கி, உடலின்மேல் தந்திகளைத் தாங்கும் பாலத்தின் அடியில் அதிர்வை மின்சாரமாக்கும் பியசோ பிக்கப் வைத்து, 'ஒலி வேண்டுமானால் பிளக் செய்துகொள்' என்று சொல்லிவிட்டன. நீயோ பிளக் செய்யாமல் வாசிக்கவே வாங்குகிறாய்.

சென்ற மாதம் எங்கள் பழைய மெல்லிசைக் குழுவின் கீபோர்டுக்காரர் வீட்டுத் திருமணத்தில், பேஸ் வாசித்த நாங்கள் நால்வர் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். பேஸ்காரர்கள் கூடினால் பேச்சு முதல் கருவியில்தான் போய் நிற்கும். 1976இல் இளையராஜா திரையிசைக்கு வந்த பிறகு, பாட்டின் அடியில் ஒதுங்கிக் கிடந்த பேஸ் இரண்டாவது மெட்டைப் போலத் தனியே நடக்கத் தொடங்கியது. அந்த இடங்களை மேடையில் வாசிக்காவிட்டால் திருச்சிக் கூட்டம் விடாது என்ற நிலை வந்தது. ஆனால் இறக்குமதி வரியோடு வெளிநாட்டுக் கருவிக்குக் கேட்ட விலையை எங்களில் யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உனக்குத் தெரிந்த தஞ்சாவூர் மாமா, கல்கத்தாவில் செய்த ஆறு தந்திக் கிட்டாரின் மெல்லிய இரண்டு தந்திகளைக் கழற்றிவிட்டு, மற்ற நான்கையும் இறங்கும் மட்டும் இறக்கித் தொடங்கியவர். அப்படித் தளர்ந்த தந்தியைச் சற்று ஓங்கித் தட்டினாலும், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட்டில் மோதிக் கடகடக்கும். அதனால் பாலத்துக்குப் பக்கத்தில், நுனிவிரலால் தடவுவதுபோல வாசிக்கப் பழகிக்கொண்டார். இன்னொருவருக்கு ஊர்த் தச்சர் பலாமரத்தில் ஒரு பேஸ் செய்து கொடுத்தார். ஒவ்வொரு ஃப்ரெட்டும் மீதித் தந்தி நீளத்தில் ஏறத்தாழ 17.8இல் ஒரு பங்கு தள்ளி அமைய வேண்டும்; தச்சரோ இரவல் கிட்டார் ஒன்றைப் பார்த்துக் கண்ணளவில் பெரிதாக்கினார். கீழ் ஃப்ரெட்டுகள் சரியாக அமைந்தன, மேலே போகப் போகச் சுருதி விலகிற்று. அவர் இன்றைக்கும் கழுத்தின் மேற்பகுதிக்குப் போகமாட்டார். போகாமலே பாடகர்களுக்கு மிகவும் பிடித்த பேஸ்காரராக இருக்கிறார். மூன்றாமவருக்குத் தேவாலயப் பாடகர் குழுவின் நல்ல கருவியே கிடைத்துவிட்டது. அவர் கதையில் சுவை இல்லை.

என் முதல் கருவியை நீ அறிவாய். கழுத்து வளைந்து, தந்திகள் பலகையிலிருந்து எழும்பி நின்ற அந்தப் பழைய மின்பேஸை அழுத்தவே பலம் வேண்டும், தட்டவும் பலம் வேண்டும். நான் அதில் வளர்ந்தேன். பத்தாம் வகுப்பு விடுமுறையில் நீயும் அதிலேயே கற்றாய். நம் இருவர் கையும் ஓங்கித் தட்டும் கை.

சாப்பிட்ட பிறகு தஞ்சாவூர் மாமா தங்கியிருந்த அறைக்குப் போய், அவர் புதிதாக வாங்கியிருந்த இபானெஸ் அக்கூஸ்டிக் பேஸை ஆளுக்கொருவராக வாசித்துப் பார்த்தோம். சத்தம் போதவில்லையே என்று என் கை தானாக ஓங்கியது. ஒலி கூடவில்லை, தந்தி ஃப்ரெட்டில் அடிபடுகிற சத்தம்தான் கூடியது. அதே கருவியை அவர் வாங்கி வாசித்தபோது, என்னைவிட மெதுவாகத் தட்டியும் ஒவ்வொரு சுரமும் நின்று ஒலித்தது. மேற்பலகை மெல்லியது, ஓர் அளவுக்கு மேல் கொடுப்பதை அது வாங்கிக்கொள்வதில்லை. ஏழ்மையில் கிடைத்த அந்த ஆறு தந்திக் கிட்டார், நாற்பது ஆண்டுக்குப் பின் வந்த கருவிக்கு அவர் கையைத் தயார் செய்து வைத்திருந்தது என்று எண்ணி எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆகவே உன் கையை மனத்தில் வைத்தே சொல்கிறேன். டெய்லர் அழகான கருவி. உன் சிறிய விரல்களுக்கு மிகவும் எளிதாக இருக்கும். வழக்கமான பேஸின் தந்தி நீளம் 34 அங்குலம், இதில் 23.5தான். அவ்வளவு குறைந்த நீளத்தில் அதே சுரம் வர வேண்டும் என்பதற்காக நைலான் உள்ளீடு கொண்ட தனித் தந்திகளைப் போட்டிருக்கிறார்கள். அவை ஓங்கும் கைக்குக் குழைந்துவிடும். அறுந்தால் கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு செட்டை மாட்டவும் முடியாது. பயணத்துக்கு என்றால் நானே வாங்கச் சொல்வேன். இபானெஸ், மேடையில் பிளக் செய்து வாசிப்பவர்களுக்கு ஏற்றது. கில்டின் முதுகுப்பலகை வளைத்து அழுத்திச் செய்யப்பட்டது. குறுக்குச் சட்டம் இல்லாததால் முதுகும் ஒலியில் பங்கு கொள்கிறது. அறைக்குள் ஆம்ப் இல்லாமல் வாசிக்க, மூன்றில் அதுவே என் தேர்வு.

கடைக்குப் போகும்போது உன் தோழியையும் அவள் கிட்டாரோடு அழைத்துப் போ. நீ வாசிக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து மென்மையாக ஸ்ட்ரம் செய்யட்டும். அதில் உன் சுரம் பிரிந்து கேட்கிறதா என்று பார். வாங்கியபின், பாஸ்பர் பிரான்ஸ் தந்தி பளிச்சென்று ஒலித்தாலும் விரல் நகரும்போது கீச்சிடும். கருப்பு நைலான் நாடா சுற்றிய தந்தி சற்று அடங்கி, டபுள் பேஸின் பக்கம் சாயும். உன் பக்கத்து வீட்டாரை நினைத்தால் நாடா சுற்றியதே நல்லது.

இங்கே மழைக்காலத்தில் மரம் ஊதுவதுதான் நமக்குத் தெரிந்த தொல்லை. அங்கே குளிர்காலத்து ஹீட்டர் நேர்மாறாக உலர்த்தும்: மேற்பலகை உள்வாங்கும், ஃப்ரெட்டின் முனைகள் விரலைக் கீறும், முற்றினால் பலகை வெடிக்கும். அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்; முடியாவிட்டால் கருவியைப் பெட்டிக்குள் ஈரப்பதம் காக்கும் சாதனத்தோடு மூடி வை. எப்போதாவது பிளக் செய்து வாசித்தால், முடிந்ததும் கேபிளைப் பிடுங்கிவிடு. செருகியே வைத்தால் உள்ளிருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோகும்.

அன்புடன்,
அப்பா